லேப்டாப் எழுந்திருக்கவில்லையா? ஃபார்மட் போடும் முன் இதை வாசித்துவிடுங்கள்

சர்க்கரை, பிரஷர், காய்ச்சல் என்று எழுதிக்கொண்டிருக்கும் ஆள் இன்னிக்கு கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாசிங்க மக்களே.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்காக இது. இதற்கு டூயல் பூட் என்று பெயர். "என்கிட்ட அதெல்லாம் இல்லையே" என்று நகர்ந்துவிடாதீர்கள். வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் அவன் லேப்டாப்பில் இருக்கலாம். பிரச்சினை வரும்போதுதான் உங்களுக்கே தெரியவரும்.

ஒரு நாள் காலையில் ஆன் செய்கிறீர்கள். கம்பெனி லோகோ வருகிறது. அதற்குப் பிறகு கருப்புத் திரை. மேலே வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ரெண்டு வரி. கீழே க்ரப் என்று ஒரு வார்த்தை, அதன் பக்கத்தில் கண் சிமிட்டும் ஒரு கோடு. அவ்வளவுதான். எதைத் தட்டினாலும் விண்டோஸ் வரவில்லை.

அடுத்து பெரும்பாலானவர்கள் போவது பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் சர்வீஸ் கடைக்கு. அங்கே கிடைக்கும் பதிலும் அநேகமாக ஒன்றுதான். "ஓஎஸ் கரப்ட் ஆயிடுச்சு சார், ஃபார்மட் போட்டாத்தான் வரும். டேட்டா கேரண்டி இல்ல."

நீங்களும் தலையாட்டிவிட்டு வருவீர்கள். குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ, அப்பாவின் பென்ஷன் பேப்பர் ஸ்கேன், மூன்று வருட கணக்கு, எல்லாம் அரை மணி நேரத்தில் காலி.

அந்தக் கருப்புத் திரைக்கும் உங்கள் ஃபைல்களுக்கும் பெரும்பாலான நேரங்களில் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்லிவிடுகிறேன். இதயம் துடிக்க தசை மட்டும் போதாது. வலது மேலறையில் சைனோ ஏட்ரியல் நோட் என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் மின் துடிப்பு கீழே இறங்கினால்தான் தசை சுருங்கும். இந்த மின் பாதை நடுவில் அறுந்துபோவதைத்தான் கம்ப்ளீட் ஹார்ட் பிளாக் என்கிறோம். நாடி 30, 35 என்று இறங்கி, ஆள் மயங்கி விழுந்த நிலையில் தூக்கி வருவார்கள். எக்கோ எடுத்துப் பார்த்தால் பல பேருக்குத் தசை அருமையாக இருக்கும். சிக்னல்தான் போய்ச் சேரவில்லை.

அவருக்கு பேஸ்மேக்கர் வைப்போம். இதயத்தையே கழற்றிப் போட்டுவிட்டு வேறு இதயம் வைக்க மாட்டோம்.

ஃபார்மட் என்பது கிட்டத்தட்ட அந்த இரண்டாவது வேலை.

கம்ப்யூட்டரில் அந்த நோட் செய்யும் வேலையைச் செய்வது பூட்லோடர். நீங்கள் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள். பழைய மெஷினில் அதற்குப் பெயர் பயாஸ், இப்போது வருவதில் யூஇஎஃப்ஐ. அது பூட்லோடரை எழுப்பும். பூட்லோடர் விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பும். லினக்ஸ் பக்கம் இருக்கும் பூட்லோடரின் பெயர்தான் க்ரப். டூயல் பூட் போட்டால் வழக்கமாக இந்த க்ரப்தான் வாசலில் உட்கார்ந்துகொண்டு "எதுக்குள்ள போகணும்?" என்று கேட்கும்.

பழைய பயாஸ் காலத்தில் நிலைமை ரொம்ப மோசம். ஹார்ட் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். அதில் 64 பைட் டிஸ்க்கை எப்படிப் பிரித்திருக்கிறோம் என்ற அட்டவணைக்கு, கடைசி 2 பைட் முத்திரைக்கு. மீதி 446 பைட்தான் பூட்லோடரின் முதல் துண்டுக்கு. மூணு எஸ்எம்எஸ் நீளம்னு வெச்சுக்கோங்க. அந்த ஒரே திண்ணையில் விண்டோஸ் உட்கார்ந்தால் லினக்ஸ் எழுந்திருக்க வேண்டும். அதனால்தான் "முதல்ல விண்டோஸ் போடு, அப்புறம் லினக்ஸ் போடு" என்று சீனியர்கள் சொல்லித் தந்தார்கள். மாற்றிப் போட்டால் லினக்ஸ் வாசல் மூடிவிடும்.

யூஇஎஃப்ஐ வந்த பிறகு இந்தச் சண்டை குறைந்தது. டிஸ்க்கில் ஒரு சின்னப் பகுதியைத் தனியாக ஒதுக்கி, அதில் விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். ரெண்டும் அக்கம்பக்கமாக இருக்கும். யாரை முதலில் கூப்பிடுவது என்ற வரிசை மட்டும் மதர்போர்டின் நினைவில் இருக்கும்.

ஆகவே இப்போதைய மெஷின்களில் அடிக்கடி நடப்பது ரொம்பச் சாதாரண விஷயம். ஏதோ ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அந்த வரிசை மாறிவிடும். "லினக்ஸ் காணாமப் போச்சு" என்று பதறுவார்கள். எங்கேயும் போகவில்லை. ஆன் செய்தவுடன் எஃப்2 அல்லது டெலீட் பட்டனைத் தட்டி செட்டிங்குக்குள் போய், பூட் ஆர்டரில் உபுண்டுவை மேலே தூக்கிவிட்டால் முடிந்தது. ஒரு தடவை மட்டும் மாற்றிப் போக வேண்டுமென்றால் பல கம்பெனிகளில் எஃப்12, சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப். ரெண்டு நிமிட வேலை.

"டாக்டருக்கு எதுக்கு சார் ரெண்டு ஓஎஸ்?" என்று கேட்பீர்கள். ஸ்கேன் சென்டரில் எம்ஆர்ஐ எடுத்தால் ஒரு சிடி தருவார்கள் பார்த்திருப்பீர்கள். அதற்குள் படம் பார்க்கும் மென்பொருளும் சேர்ந்து வரும். அது அநேகமாக விண்டோஸில்தான் ஓடும். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பென் டிரைவ் பத்து கம்ப்யூட்டர் சுற்றி வரும். வரும்போது ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். அந்த வைரஸ் தொல்லையால் லினக்ஸ் பக்கம் போனவன் நான். ரெண்டும் வேண்டியிருக்கிறது.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, முதலில் வந்த மெஷின்களிலேயே விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை வைத்து உருவாக்கியது. ஆன் செய்ததும் வரும் பட்டியலில் ரெண்டாவது பெயர் என்ன என்றே தெரியாமல் எத்தனை பிள்ளைகள் காலேஜ் முடித்தார்களோ! எங்கள் வார்டு சிஸ்டர் ஒருவரின் மகன் லேப்டாப்பில் விண்டோஸ் வைரஸ் பிடித்துச் செத்துப்போய், பாஸ் வழியாக உள்ளே போய் அவன் ப்ராஜெக்ட்டை எடுத்துக் கொடுத்தேன். அந்தம்மாவுக்கு இன்னும் அது மாயமந்திரம்தான்.

சரி, இந்த இழையை எழுதக் காரணமான கேஸுக்கு வருகிறேன்.

எங்கள் பிஜி ஹாஸ்டலில் ஒரு மூன்றாம் வருட மாணவர். தீசிஸ் சமர்ப்பிக்க 9 நாள் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் போன் அடித்து, "சார், லேப்டாப் செத்துடுச்சு சார்" என்கிறார். குரலைக் கேட்டால் லேப்டாப்போடு இவரும் போய்விடுவார் போல இருந்தது. ஒன்றரை வருடம் வார்டு வார்டாக அலைந்து சேர்த்த கேஸ் விவரம். மாஸ்டர் சார்ட் விண்டோஸ் பக்கத்தில். அதை வைத்துச் செய்த புள்ளிவிவரக் கணக்கெல்லாம் உபுண்டு பக்கத்தில், ஆர் என்ற மென்பொருளில். பேக்கப் எங்கேப்பா என்று கேட்டேன். பதில் இல்லை.

நேரில் வரச் சொன்னேன். வந்ததும் மெஷினைத் தொடவில்லை. முதலில் ஹிஸ்டரி. எந்த நோயாளியையும் அப்படித்தானே பார்க்கிறோம்? கடைசியாக நல்லா இருந்தது எப்போது, அதற்கப்புறம் யார் என்ன செய்தார்கள்?

கதை இப்படிப் போனது. விண்டோஸின் சி டிரைவ் நிறைந்து சிவப்புக் கோடு காட்டியிருக்கிறது. டிஸ்க் மேனேஜ்மெண்ட்டைத் திறந்தால் பெயரே இல்லாமல் ஒரு பெரிய பகுதி சும்மா இருக்கிற மாதிரி தெரிந்திருக்கிறது. லினக்ஸ் பகுதியை விண்டோஸால் படிக்க முடியாது. அதனால் பெயர் காட்டாது. அது சும்மா இருக்கிறதென்று நினைத்து டெலீட் செய்துவிட்டார். அந்த இடத்தை சி டிரைவோடு சேர்க்கப் பார்த்திருக்கிறார். எக்ஸ்டெண்ட் என்ற வசதி மங்கலாக இருந்து வேலை செய்யவில்லை. நடுவில் விண்டோஸின் ரெக்கவரி பகுதி குறுக்கே இருந்ததுதான் காரணம். சேர்க்க வேண்டிய இடம் சி டிரைவை ஒட்டி இருந்தால்தான் சேரும். அவர் நல்ல நேரம், குறுக்கே இருந்தது!

மறுநாள் ஆன் செய்தால் க்ரப் கருப்புத் திரை. ஏனென்றால் வாசலில் நிற்கும் க்ரப்பின் முதல் பகுதி அப்படியே இருக்கிறது. அது போய்ப் படிக்க வேண்டிய மெனு, அழிக்கப்பட்ட லினக்ஸ் பகுதிக்குள் இருந்தது. வாட்ச்மேன் இருக்கிறார், அவர் கையில் இருந்த ரிஜிஸ்டர்தான் இல்லை.

இதோடு நின்றிருந்தால் எஃப்12 தட்டி விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்து உள்ளே போயிருக்கலாம். ஆனால் இவர் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் செட்டிங்குக்குள் போய் சீக்யூர் பூட்டை ஆஃப் செய்திருக்கிறார். இப்போது விண்டோஸ் எழுந்திருக்கிறது, ஆனால் நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கிறது. கடைக்காரர் தீர்ப்பு: "ஹார்ட் டிஸ்க் லாக் ஆயிடுச்சு, ஃபார்மட்தான்."

நோய் ஒன்று. சிகிச்சையால் வந்தது இன்னொன்று. எங்கள் தொழிலிலும் இது உண்டு என்பதால் கடைக்காரரை நான் ரொம்பத் திட்டவில்லை.

அந்த 48 இலக்கம் பற்றி நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். புது விண்டோஸ் லேப்டாப்கள் பலவற்றில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகியிருக்கும். உங்களிடம் தனியாகக் கேட்டிருக்கவே மாட்டார்கள். டிஸ்க் முழுக்கப் பூட்டு. சாவி மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் சிப்பிடம். மெஷின் வழக்கமான நிலையில் எழுந்தால் சிப் தானாகச் சாவியைக் கொடுத்துவிடும். உங்களுக்குப் பூட்டு இருப்பதே தெரியாது. சீக்யூர் பூட்டை மாற்றினால், சில நேரம் பயாஸ் அப்டேட் செய்தால்கூட, "யாரோ கை வெச்சுட்டாங்க" என்று சிப் சாவியைத் தர மறுத்துவிடும். அப்போதுதான் ஆறு ஆறாக எட்டுக் கட்டம், 48 இலக்கம். அதுவும் இல்லையென்றால் உங்கள் டேட்டாவை யாராலும் எடுக்க முடியாது. திருடனுக்காகப் போட்ட பூட்டு வீட்டுக்காரனையும் தடுக்கும்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் எழுந்திருக்காமல் போனது ஞாபகம் இருக்கிறதா? சரிசெய்ய வேண்டிய ஃபைல் ஒன்றே ஒன்று. ஆனாலும் பல இடங்களில் ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து இந்த 48 இலக்கத்தைத் தட்டினால்தான் அந்த ஃபைலைத் தொடவே முடிந்தது.

நம்ம பிஜிக்கு வருவோம். சீக்யூர் பூட்டை பழையபடி ஆன் செய்தேன். எஃப்12. விண்டோஸ் பூட் மேனேஜர். சாவி கேட்கவில்லை, நேராக உள்ளே போனது. எதையும் சரிசெய்வதற்கு முன்னால் மாஸ்டர் சார்ட்டை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்தோம். பிறகு அந்த 48 இலக்கத்தைத் திரையில் வரவழைத்து அவர் கையாலேயே டைரியில் எழுத வைத்தேன்.

அடுத்தது அழிந்துபோன லினக்ஸ் பகுதி. இங்கே ஒரு விஷயம் புரிய வேண்டும். ஒரு பகுதியை டெலீட் செய்தால் உள்ளே இருப்பது உடனே அழிவதில்லை. அட்டவணையில் இருந்து அந்த வரி மட்டும் போகும். புத்தகம் இருக்கிறது, பொருளடக்கத்தில் அந்த அத்தியாயத்தின் பெயரை அடித்துவிட்டார்கள். அதன் மேல் புதிதாக எதையாவது எழுதினால்தான் உண்மையில் போச்சு. சி டிரைவோடு சேர்க்க முடியாமல் போனதை நல்ல நேரம் என்று சொன்னது இதனால்தான்.

உபுண்டு பென் டிரைவில் இருந்து மெஷினை எழுப்பினேன். டிஸ்க்கில் எதையும் நிறுவாமல் பென் டிரைவிலேயே ஓடும் வசதி அதில் உண்டு. டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் தேடவிட்டேன். அந்தத் தேடல் ஓடும் நேரம் இருக்கிறதே, லேபர் வார்டு வாசலில் நிற்கும் கணவன்மாரை எனக்கு ஞாபகப்படுத்தியது. பையன் உட்காரவே இல்லை.

காணாமல் போன பகுதி பட்டியலில் வந்தது. அதை அட்டவணையில் திரும்ப எழுதச் சொல்லலாம். நான் சொல்லவில்லை. அந்தப் பகுதிக்குள் இருக்கும் ஃபைல்களைப் பட்டியலிட்டு, டிஸ்க்கில் எதையும் எழுதாமல் வேறு டிஸ்க்குக்கு காப்பி எடுக்கும் வழி டெஸ்ட்டிஸ்க்கிலேயே இருக்கிறது. தேவை அந்த ஒரு ஃபோல்டர்தான். எடுத்தாச்சு. திறந்து பார்த்து, கணக்கெல்லாம் சரியாக ஓடுகிறது என்று அவர் சொல்லும்போது மணி ரெண்டே கால்.

உபுண்டுவைத் திரும்பப் போடட்டுமா என்றார். தீசிஸ் முடிச்சுட்டு வாப்பா என்று அனுப்பிவிட்டேன். பூட் ஆர்டரில் விண்டோஸை முதலில் வைத்ததோடு சரி.

இன்னும் சில சில்லறைப் பிரச்சினைகள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸும் லினக்ஸும் மாற்றி மாற்றிப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தப்பாகக் காட்டுகிறதா? பேட்டரி கோளாறு இல்லை. மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது இந்திய நேரம் என்று விண்டோஸ் நினைக்கிறது, லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக வைக்கிறது. நமக்கும் அதற்கும் வித்தியாசம் ஐந்தரை மணி. லினக்ஸில் ஒரே ஒரு கட்டளையில் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம். கேஸ் ஷீட்டில் நேரம் பார்த்து எழுதுகிறவன் என்பதால் எனக்கு இது தலையாய எரிச்சல்.

லினக்ஸில் இருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால் படிக்க மட்டும் முடிகிறது, எதையும் சேமிக்க முடியவில்லையா? விண்டோஸ் 8-இல் இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாகத் தூங்குவதில்லை, அரைக்கண் மூடிப் படுத்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுசாக மூடும். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அப்படித்தான். டூயல் பூட் வைத்திருந்தால் பவர் செட்டிங்கில் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிடுங்கள்.

லினக்ஸ் புதிதாகப் போட்டபின் மெனுவில் விண்டோஸ் பெயரே வரவில்லையா? விண்டோஸ் அழியவில்லை. 2021-இல் வந்த க்ரப் 2.06 பதிப்பில் இருந்து, பக்கத்தில் வேறு ஓஎஸ் இருக்கிறதா என்று தேடும் வேலையைப் பாதுகாப்புக் காரணத்துக்காக இயல்பாக நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஓஎஸ்-ப்ரோபர் என்பது அதன் பெயர். க்ரப் செட்டிங் ஃபைலில் அதைத் திரும்ப அனுமதித்துவிட்டு அப்டேட்-க்ரப் கொடுத்தால் விண்டோஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2024 ஆகஸ்ட் 13 விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பலருக்கு லினக்ஸ் பக்கம் போனால் "ஏதோ படுமோசமாகத் தப்பாகிவிட்டது" என்ற பொருளில் ஒரு ஆங்கில வரி வந்து மெஷினே அணைந்துபோனது. க்ரப்பின் பழைய பதிப்புகளில் இருந்த ஓட்டைக்காக அவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்த அப்டேட் அது. டூயல் பூட் மெஷின்களுக்கு இது போகாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். சில மெஷின்களை டூயல் பூட் என்று அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. இதற்கும் ஃபார்மட் தேவைப்படவில்லை. சீக்யூர் பூட்டை தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய் அந்தத் தடைப் பட்டியலை நீக்கி, லினக்ஸை அப்டேட் செய்து, சீக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்தால் போதும். நிறுத்துவதற்கு முன்னால் அந்த 48 இலக்கம் கையில் இருக்க வேண்டும். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

எப்போது பயப்பட வேண்டும்? பயாஸ் செட்டிங்கில் டிஸ்க்கின் பெயரே காட்டவில்லை என்றால். பழைய ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வந்தால். கீழே விழுந்த லேப்டாப் என்றால். தண்ணீர் உள்ளே போயிருந்தால். இதெல்லாம் பூட்லோடர் கேஸ் இல்லை. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காமல், டேட்டா ரெக்கவரி மட்டுமே செய்பவர்களிடம் போங்கள். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் சேதம் கூடலாம்.

கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் வாசலிலேயே ரெண்டு வாக்கியம் சொல்லுங்கள். "முதல்ல லைவ் பென் டிரைவ் போட்டு என் ஃபைலெல்லாம் காப்பி எடுத்துக் குடுங்க. பயாஸ் செட்டிங்ல எதையும் மாத்துறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்குங்க." இதற்கு முகம் சுளிக்கும் கடையாக இருந்தால் வேறு கடை பாருங்கள். செகண்ட் ஒப்பீனியன் டாக்டருக்கு மட்டுமா?

இன்னிக்கே செய்ய வேண்டியது ஒன்று. விண்டோஸ் தேடலில் பிட்லாக்கர் என்று தட்டிப் பாருங்கள். ஆன் என்று இருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ரெக்கவரி கீயை எடுத்துத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். லேப்டாப்பிலேயே ஒரு ஃபைலாகச் சேமித்து வைக்கும் புத்திசாலிகளும் இருக்கிறார்கள். பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிற மாதிரி.

கருப்புத் திரையில் மாட்டிக்கொண்டவர்கள், திரையில் இருக்கும் வரிகளை போட்டோ எடுத்துக் கீழே போடுங்கள். கடைசியாக என்ன செய்தீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். ஓபி முடிந்து சாயங்காலம் பார்த்துப் பதில் சொல்கிறேன். ரெக்கவரி கீ தெரிகிற மாதிரி போட்டோ மட்டும் போட்டுடாதீங்க.